பட்டகோனியாவின் வெல்ஷ் குடியேற்றம்: மொழியைக் காக்கப் போனவர்கள் மொழியைக் காத்தார்களா?

கடற்சுவடு எழுதியது:

ஐரோப்பியர் கடல் கடந்து குடியேறிய வரலாற்றைப் பற்றி இந்தக் களத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம், ஜெர்மானிய உழவர்களின் நிலமின்மை, ஆஸ்திரேலியாவின் தங்கம் என்று எந்தக் குடியேற்றத்தை எடுத்தாலும் அதன் அடியில் வயிறோ நிலமோ மதமோ இருக்கும். தாய்மொழியை முன்னிறுத்தி, அதைக் காப்பாற்றுவதற்காகவே ஆள் அரவமற்ற ஒரு நிலத்தைத் தேடிப் போன கூட்டம் ஒன்றும் உண்டு. அர்ஜென்டினாவின் தென்பகுதியான பட்டகோனியாவில் 1865-ல் இறங்கிய, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த வெல்ஷ் மக்களே அவர்கள்.

பின்னணியைச் சொல்லாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. வேல்ஸின் கல்வி நிலை குறித்து 1847-ல் பிரிட்டிஷ் அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. விசாரித்த ஆணையர்கள் மூவரும் வெல்ஷ் மொழி அறியாத ஆங்கிலேயர். அம்மொழி மக்களின் ஒழுக்கத்துக்கும் முன்னேற்றத்துக்கும் தடையாக இருக்கிறது என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். அறிக்கையின் அட்டை நிறத்தை வைத்து ‘நீல நூல்களின் துரோகம்’ என்றே வேல்ஸில் அது இன்றுவரை அழைக்கப்படுகிறது. பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. நிலவுடைமையாளர்கள் ஆங்கிலம் பேசுபவர்கள், குத்தகைக்காரர்கள் வெல்ஷ் பேசுபவர்கள். தாங்கள் தொழச் செல்லாத ஆங்கிலிக்கன் திருச்சபைக்குக் குத்தகைக்காரர்கள் தசமபாகமும் கட்டவேண்டியிருந்தது.

இந்தச் சூழலில் எழுந்தவர் மைக்கேல் டி. ஜோன்ஸ் என்ற போதகர். பாலா என்ற ஊரின் இறையியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். இளமையில் அமெரிக்காவின் ஓஹையோவில் சில காலம் தங்கியிருந்தபோது, அங்கே குடியேறிய வெல்ஷ்காரர்கள் ஒரே தலைமுறைக்குள் ஆங்கிலம் பேசுபவர்களாக மாறிவிடுவதை நேரில் கண்டார். ஆகவே அமெரிக்கா வேண்டாம் என்று முடிவு செய்தார். வான்கூவர் தீவும் பாலஸ்தீனமும்கூடப் பேசப்பட்டன. இறுதியில் பட்டகோனியா தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், அங்கே வேறு எவரும் போகவில்லை என்பதே.

1862-ன் இறுதியில் குடியேற்றத்தின் சார்பில் லூயிஸ் ஜோன்ஸும் லவ் ஜோன்ஸ்-பாரியும் நிலத்தைப் பார்வையிடப் புறப்பட்டுச் சென்றார்கள். அர்ஜென்டினாவின் உள்துறை அமைச்சர் கில்லெர்மோ ராவ்சனுடன் பேச்சு நடந்தது. பார்த்துவந்தவர்கள் அந்த நிலத்தைப் பற்றிச் சற்றுத் தாராளமாகவே புகழ்ந்தார்கள். பிறகு, 1865 மே 28 அன்று, தேயிலை ஏற்றப் பயன்பட்டுவந்த ‘மிமோசா’ என்ற பாய்மரக் கப்பலில் ஏறத்தாழ 150 பேர் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, ஜூலை 28 அன்று இன்றைய புவேர்ட்டோ மாட்ரின் கரையில் இறங்கினார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 12 பவுண்டு, சிறுவர்களுக்கு அதில் பாதி. பலரால் அதைக் கொடுக்க முடியவில்லை. மைக்கேல் ஜோன்ஸின் மனைவி ஆனின் குடும்பச் சொத்துதான் பெருமளவு கைகொடுத்தது.

பசும்புல் வெளிகளை எதிர்பார்த்து வந்தவர்கள் கண்டது முட்புதரும் சரளையும்தான். தென்கோளத்தில் ஜூலை நடுக்குளிர்காலம். கரையருகே குடிநீர் இல்லை. வாக்களிக்கப்பட்ட சுபுட் ஆற்றுப் பள்ளத்தாக்கு 60 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. வந்தவர்களில் உழவர்கள் மிகச் சிலரே. சுரங்கத் தொழிலாளரும் தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் செங்கல் அறுப்பவருமாக இருந்தார்கள்.

இனி என் கருத்து. தனிமையைத் தேடிப் போனவர்கள் அந்தத் தனிமையைப் பெறுவதற்கே ஓர் அரசின் அனுமதியை நாடவேண்டியிருந்தது. அந்த அரசு அவர்களுடைய மொழியின் மீது கொண்ட அன்பினால் நிலம் தரவில்லை. பட்டகோனியாவுக்குச் சிலியும் உரிமை கோரிய காலத்தில், தன் கொடியின் கீழ் அங்கே குடிமக்கள் வாழ்கிறார்கள் என்று காட்டுவதற்காகத் தந்தது. மொழியைப் பின்னாளில் விலையாகக் கொடுக்கவேண்டிவரும் என்பது முதல் ஒப்பந்தத்திலேயே அடங்கியிருந்தது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வரப்போரம் எழுதியது:

மொழி, அரசியல் இரண்டும் இருக்கட்டும். அவர்கள் அங்கே பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் தண்ணீர். அதைப் பற்றிச் சில வரிகள் எழுத அனுமதியுங்கள்.

சுபுட் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. மழையும் ஈரமும் மிகுந்த வேல்ஸிலிருந்து வந்தவர்கள், தங்கள் ஊரில் செய்ததைப் போலவே விதைத்துவிட்டு மழைக்காகக் காத்திருந்தார்கள். விதை முளைத்துக் காய்ந்தது. அர்ஜென்டினா அரசு அனுப்பிய தானியமும் கால்நடையும் இல்லாவிட்டால் முதல் இரண்டாண்டுகளிலேயே எல்லோரும் மாண்டிருப்பார்கள். 1867-ன் தொடக்கத்தில் குடியேற்றத்தைக் கைவிடுவது என்றே முடிவாகி, மூட்டை முடிச்சுகளோடு கடற்கரைக்குத் திரும்பியும் விட்டார்கள். லூயிஸ் ஜோன்ஸ் வந்து, இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்று கெஞ்சித்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

அந்த ஆண்டின் இறுதியில்தான் திருப்பம். ஆரன் ஜென்கின்ஸ் என்பவரின் வயலில் கோதுமை முளைத்து வாடிக்கொண்டிருந்தது. வயலுக்கு அருகே ஓடிய ஆறு அப்போது கரை தொட்டு ஓடியது. அதன் நீர்மட்டம் வயலைவிடச் சற்று உயர்வாக இருந்தது. கரையை வெட்டி நீரை உள்ளே விடலாமே என்று சொன்னவர் அவருடைய மனைவி ரேச்சல் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஒரு சிறு வாய்க்கால், அவ்வளவுதான். பயிர் பிழைத்தது. அடுத்த பருவத்தில் ஊரே மண்வெட்டியோடு இறங்கியது.

இதில் கவனிக்கவேண்டியது ஆற்றின் பருவம். சுபுட் ஆற்றின் நீர் ஆண்டிஸ் மலையின் பனி உருகி வருவது. தென்கோளத்தின் வசந்தத்தில், அதாவது கோதுமைக்குத் தண்ணீர் தேவைப்படும் அதே மாதங்களில், ஆறு நிறைந்து ஓடும். ஆனால் எல்லா ஆண்டும் அப்படி நிறையாது. ஆறு தாழ்ந்த ஆண்டில் வயலோரத்துக் கரையை வெட்டிப் பயனில்லை. வெகுதூரம் மேலே சென்று, அங்கே தலைமதகு அமைத்து, ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் வாய்க்காலைக் கொண்டுவர வேண்டும். தனி ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை அன்று இது. எனவே வாய்க்கால் வெட்டவும் தூர் வாரவும் முறை வைத்துத் தண்ணீர் பகிரவும் கூட்டு அமைப்புகள் தோன்றின. அந்த மண்ணின் கோதுமை பின்னர் பாரிஸ், சிகாகோ கண்காட்சிகளில் பரிசு பெற்றது.

ஆறு கொடுத்ததை ஆறே எடுத்தும் கொண்டது. 1899 வெள்ளத்தில் பள்ளத்தாக்கின் வீடுகளும் தேவாலயங்களும் வாய்க்கால்களும் பெருமளவு அழிந்தன. அதன் பிறகும் வெள்ளங்கள் வந்தன. 1963-ல் ஃபுளோரென்டினோ அமெகினோ அணை செயல்படத் தொடங்கும்வரை அந்த அச்சம் நீங்கவில்லை.

தென்முனை எழுதியது:

கடற்சுவடு அவர்களின் பதிவு நன்று. ஆனால் ‘ஆள் அரவமற்ற நிலம்’ என்ற சொல்லாட்சியை நான் ஏற்க முடியாது. எல்லாக் குடியேற்ற வரலாறுகளும் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன. அந்த நிலத்தில் டெஹுவெல்சே என்ற தொல்குடி மக்கள் குவானகோ என்ற ஒட்டக இன விலங்கை வேட்டையாடிப் பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வேலி கட்டவில்லை என்பதால் அது எவருக்கும் உரியதல்லாத நிலமாகிவிடுமா?

இதற்கு ஆவணச் சான்றே உண்டு. குடியேறிகள் இறங்கிய அதே 1865-ன் இறுதியில், அந்தோனியோ என்ற தொல்குடித் தலைவர் லூயிஸ் ஜோன்ஸுக்குக் கடிதம் எழுதினார். எழுத்தறிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்தது. சுபுட் ஆற்றுக்கும் ரியோ நீக்ரோ ஆற்றுக்கும் இடைப்பட்ட சமவெளிகள் எங்களுடையவை, அவற்றை நாங்கள் எவருக்கும் விற்றதில்லை என்பதே அதன் சாரம். சண்டைக்கு அழைக்கும் கடிதம் அன்று. நீங்கள் இங்கே இருப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை, ஆனால் உங்கள் அரசு எங்களோடு முறையாகப் பேசி உடன்பாடு செய்துகொள்ளட்டும் என்று அதில் கோரியிருந்தார். சொத்துரிமையைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு வழக்கறிஞரால்கூட எழுதியிருக்க முடியாது.

ராவ்சன் வழங்கியது அர்ஜென்டினாவின் கையில் உண்மையில் இல்லாத நிலம். வெல்ஷ் மக்கள் துப்பாக்கியால் எவரையும் விரட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்காக வேறொருவர் பின்னர் விரட்டினார்.

கடற்சுவடு எழுதியது:

தென்முனை அவர்கள் சுட்டியது சரி. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். மைக்கேல் ஜோன்ஸின் மனத்தில் அப்படி இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். அவருடைய கண்ணை என் கண்ணாக்கிக்கொண்டுவிட்டேன்.

ஆயினும் இரு தரப்பாரின் உறவை ஒரே நிறத்தில் தீட்டிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குடியேறிகள் தொல்குடியினரை முதன்முதலில் கண்டது 1866-ன் ஏப்ரலில். பிரான்சிஸ்கோ என்ற தலைவரும் அவர் குடும்பத்தாரும் வந்தார்கள். பயத்தோடு தொடங்கிய அந்தச் சந்திப்பு வெகுவிரைவில் பண்டமாற்றாக மாறியது. ரொட்டியும் துணியும் ஒருபுறம், இறைச்சியும் தோலும் நெருப்புக்கோழி போன்ற நந்து பறவையின் இறகும் மறுபுறம். கயிற்றின் நுனியில் கல்லுருண்டைகளைக் கட்டி வீசிக் குவானகோவின் காலைச் சுற்றச் செய்யும் வேட்டை முறையை வெல்ஷ் இளைஞர்கள் அவர்களிடமிருந்துதான் கற்றார்கள். விளைச்சல் இல்லாத ஆண்டுகளில் அந்த இறைச்சி எத்தனை உயிர்களைக் காத்தது என்பதற்குக் கணக்கில்லை.

தென்முனை சொன்ன ‘வேறொருவர்’ அர்ஜென்டினாவின் ஜெனரல் ரோக்கா. 1870-களின் இறுதியில் தொடங்கிய ‘பாலைவன வெற்றி’ என்ற படையெடுப்பு, அடுத்த சில ஆண்டுகளில் தொல்குடிகளைக் கொன்றும் சிறைபிடித்தும் தெற்கு நோக்கி நகர்ந்தது. தங்கள் அண்டை அயலாரிடம் இரக்கம் காட்டுமாறு குடியேறிகள் 1883-ல் படைத்தலைவருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். பயன் விளையவில்லை. 1884-ல், தங்கம் தேடி உள்நாட்டுக்குச் சென்ற நான்கு வெல்ஷ் இளைஞர்களில் மூவரை, படையால் துரத்தப்பட்டுக்கொண்டிருந்த தொல்குடியினர் கொன்றார்கள். தப்பியவர் ஜான் டேனியல் எவன்ஸ் ஒருவரே. மலக்காரா என்ற அவருடைய குதிரை ஒரு செங்குத்தான பள்ளத்தைப் பாய்ந்து கடந்து அவரைக் காப்பாற்றியது. அந்தக் குதிரையின் கல்லறையை ட்ரெவெலின் ஊரில் இன்றும் காணலாம்.

அதே எவன்ஸ் பிறகு வால்செட்டா என்ற இடத்தின் வழியே பயணம் செய்தபோது, கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த தொல்குடி மக்களைக் கண்டதாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். வேலிக்கு உள்ளேயிருந்து, “போக்கோ பாரா, சின்யோர்” என்று அவர்கள் கை நீட்டினார்களாம். கொஞ்சம் ரொட்டி, ஐயா என்பது பொருள். முதற்சொல்லும் கடைச்சொல்லும் ஸ்பானியம். நடுவிலிருக்கும் ‘பாரா’ ரொட்டியைக் குறிக்கும் வெல்ஷ் சொல். அந்தக் கூட்டத்தில் தம் சிறுவயதுத் தோழர் ஒருவரை அவர் அடையாளம் கண்டார். பின்னர் அவரை மீட்பதற்காகப் பணத்தோடு திரும்பி வந்தபோது தோழர் இறந்துபோயிருந்தார். மூன்று நண்பர்களைப் பறிகொடுத்த அதே மனிதர்தான் இதையும் எழுதினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழைய அச்சு எழுதியது:

இடையில் ஒரு குறிப்பு. குடியேற்றத்தின் முதற்கால நிர்வாகம் முழுவதும் வெல்ஷ் மொழியிலேயே நடந்தது என்பதை எவரும் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் எழுதிவைத்துக்கொண்ட விதிகளின்படி 18 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்கு, அதுவும் மறைவாக்கெடுப்பு. பிரிட்டனில் அந்நாளில் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கிடையாது என்பது நினைவிருக்கட்டும். பள்ளிப் பாடநூல், வழக்குத் தீர்ப்பு, கணக்குப் பதிவேடு எல்லாம் வெல்ஷில் இருந்தன. 1885-ல் தொடங்கிய கூட்டுறவு வணிக நிறுவனம் இடைத்தரகர்களிடமிருந்து விவசாயிகளைக் காப்பாற்றியது. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் அது வீழ்ந்தபோது பலருடைய சேமிப்பும் அதனோடு போயிற்று. ‘அ டிராவோட்’ என்ற செய்தித்தாளை லூயிஸ் ஜோன்ஸ் 1891-ல் தொடங்கினார். தாய்நாட்டில் மறுக்கப்பட்ட அனைத்தையும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர்கள் அங்கே அனுபவித்தார்கள். முப்பது ஆண்டு என்பது சிறிய காலமா?

எல்லைக்கல் எழுதியது:

இந்த இழையின் முதற்கேள்விக்கு நேரடியான விடை 1902-ல் கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

பள்ளத்தாக்கில் நிலம் போதாமற் போகவே, 1885-ல் ஆளுநர் லூயிஸ் ஹோர்ஹே ஃபோன்டானாவின் தலைமையில் வெல்ஷ் குதிரைவீரர்கள் மேற்கே ஆண்டிஸ் மலையடிவாரம் வரை சென்றார்கள். மரமும் நீரும் நிறைந்த அந்தப் பகுதிக்குக் குடியேறிகள் வைத்த பெயர் ‘கூம் ஹெவ்ரிட்’, அழகிய பள்ளத்தாக்கு. அரசு வைத்த பெயர் ‘அக்டோபர் 16 குடியேற்றம்’. தேசியப் பிரதேசங்களை உருவாக்கிய 1884-ம் ஆண்டுச் சட்டத்தின் நாள் அது. ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர்கள். இரண்டில் எது வரைபடத்துக்குப் போயிற்று என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மலையடிவாரத்துக்குச் சிலியும் உரிமை கோரியது. வழக்கு பிரிட்டிஷ் அரசரின் நடுவர் தீர்ப்புக்குச் சென்றது. ஆணையராக வந்த தாமஸ் ஹோல்டிச் 1902 ஏப்ரல் 30 அன்று ட்ரெவெலினில் ஒரு பள்ளிக்கூடத்தில் குடியேறிகளைச் சந்தித்து அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டறிந்தார். தாங்கள் அர்ஜென்டினாவின் கீழேயே இருக்க விரும்புவதாக அவர்கள் சொன்னார்கள். அந்த வட்டாரத்தில் அவர்கள் விருப்பம் நிறைவேறியது. ஆண்டுதோறும் அந்நாள் அங்கே கொண்டாடப்படுகிறது. வேல்ஸை விட்டு ஓடிவந்தவர்களிடம், எந்த நாட்டில் இருக்க விரும்புகிறீர்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரே வந்து கேட்டது வேடிக்கைதான்.

அதற்குள் பள்ளிகளில் ஸ்பானியம் பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டுவிட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 1884-லேயே வந்துவிட்டது. நூற்றாண்டின் முடிவுக்குள் வெல்ஷ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக அரசின் பிடிக்குள் சென்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் இராணுவப் பயிற்சிக்கு வரவேண்டும் என்ற ஆணை, ஓய்வுநாளைக் கண்ணும் கருத்துமாகப் போற்றிய அந்த மக்களை மேலும் புண்படுத்தியது. வெள்ளத்தின் அழிவும் சேர்ந்துகொண்டது. அதே 1902-ல் இருநூறுக்கும் மேற்பட்டோர் பட்டகோனியாவை விட்டுக் கனடாவின் சஸ்காட்செவானுக்குப் புறப்பட்டார்கள். அதாவது, ஒரு பகுதியினர் அர்ஜென்டினாவைத் தேர்ந்தெடுத்த ஆண்டிலேயே மற்றொரு பகுதியினர், எந்தப் பேரரசை விட்டு வந்தார்களோ அதன் கொடியின் கீழேயே திரும்பிச் சென்றார்கள். கனடாவில் ஆங்கிலம் அவர்களை எவ்வளவு விரைவில் விழுங்கியிருக்கும் என்பதற்கு மைக்கேல் ஜோன்ஸ் ஓஹையோவில் கண்டதே போதும்.

தென்முனை எழுதியது:

எல்லைக்கல் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ட்ரெவெலின் பள்ளிக்கூடத்தில் குடியேறிகளின் விருப்பம் கேட்கப்பட்டது. அந்தோனியோவின் மக்களை எவரும் எங்கும் அழைத்துக் கேட்கவில்லை. எல்லைத் தீர்ப்பில் சான்றாகக் கொள்ளப்படுவதற்கு ஒருவர் உழவராக இருக்கவேண்டும் போலும்.

வரப்போரம் எழுதியது:

அதே சமயம் அர்ஜென்டினா அரசை வெறும் சூழ்ச்சிக்காரனாகப் பார்ப்பதும் பொருந்தாது. பயிரே இல்லாத ஆண்டுகளில் தானியமும் உதவித்தொகையும் அனுப்பிக் காத்தது அந்த அரசுதான். ராவ்சனின் பெயரைச் சுபுட் மாகாணத்தின் தலைநகருக்கு வைத்தது நன்றியால். மாட்ரின் என்பது ஜோன்ஸ்-பாரியின் பண்ணையின் பெயர்; ட்ரெலியூ என்றால் லூயிஸின் ஊர், அதாவது லூயிஸ் ஜோன்ஸின் ஊர். வேல்ஸ் மக்கள் வைத்த இந்தப் பெயர்களை ஸ்பானியப் பெயர்களாக மாற்றவேண்டும் என்று பியூனஸ் அயர்ஸ் அடம்பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை.

அகரமுதலி எழுதியது:

இப்போது அங்கே வெல்ஷ் பேசப்படுகிறதா என்று எவரேனும் விளக்க இயலுமா? தேநீர்க் கடைகளின் படங்களை மட்டுமே இணையத்தில் காண்கிறேன்.

கடற்சுவடு எழுதியது:

பேசப்படுகிறது, எண்ணிக்கையைப் பற்றிய மதிப்பீடுகள் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். 1911-க்குப் பிறகு வேல்ஸிலிருந்து பெரிய குழு எதுவும் வரவில்லை. முதல் உலகப் போர் அந்தத் தொடர்பை அறவே அறுத்தது. ரயில் பாதை வந்ததும், இத்தாலியரும் ஸ்பானியரும் பிறரும் குடியேறியதும், கலப்பு மணங்களும் சேர்ந்து, இரண்டு தலைமுறைக்குள் வெல்ஷை வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் உரிய மொழியாக ஒடுக்கிவிட்டன. பாட்டி வெல்ஷில் கேட்க, பேரன் ஸ்பானியத்தில் விடை சொல்லும் நிலை 1950-களில் இயல்பாகிவிட்டது.

1965-ல் நூற்றாண்டு விழாவுக்கு வேல்ஸிலிருந்து ஒரு குழு வந்தபோது, தங்கள் கொள்ளுத் தாத்தாவின் மொழியைத் தென்னமெரிக்கக் குதிரைக்காரர்கள் பேசக் கேட்டு வியந்தது. கவிதைக்கும் இசைக்கும் உரிய ‘ஐஸ்டெத்வோட்’ விழா சுபுட்டில் மீண்டும் உயிர்பெற்றது. 1982 போரில் ஃபாக்லாந்து தீவுகளில் வெல்ஷ் படையினர் ஒருபுறம் நிற்க, எதிர்ப்புறத்தில் அர்ஜென்டினாவின் கட்டாயப் படைச் சேவையில் வெல்ஷ் குடும்பப்பெயர் கொண்ட இளைஞர்களும் இருந்தார்கள். 1997 முதல் வேல்ஸிலிருந்து ஆசிரியர்களை அனுப்பும் திட்டம் நடக்கிறது. ட்ரெலியூவில் வெல்ஷ்-ஸ்பானிய இருமொழிப் பள்ளியும் இயங்குகிறது.

பழைய அச்சு அவர்களின் முப்பது ஆண்டுக் கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். சிறிய காலம் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது என்ற என் கருத்திலிருந்து நான் விலகவில்லை. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் வெல்ஷில் எழுத்தும் கணக்கும் சட்டமும் நடந்ததால்தான், பிந்தைய நூறாண்டு நெருக்கடியை அம்மொழி தாங்கியது என்பதை என் முதற்பதிவில் விட்டுவிட்டேன்.

அகரமுதலி அவர்கள் கேட்டதோடு தொடர்புடைய இன்னொன்று. சுபுட்டில் வழிவழியாக வந்த வெல்ஷ், வேல்ஸின் பல வட்டார வழக்குகள் கலந்து, ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாக ஸ்பானியச் சொற்களை ஏற்றுக்கொண்டு, தனக்கென ஓர் ஓசையோடு வளர்ந்தது. இப்போது வகுப்பறையில் கற்கும் இளைஞர்கள் வேல்ஸிலிருந்து வரும் ஆசிரியரைப் போலப் பேசுகிறார்கள். சுபுட் பள்ளத்தாக்கின் ஊரான கைமனில் உள்ள முதியோரிடம் எஞ்சியிருக்கும் அந்தப் பழைய பேச்சை ஆய்வாளர்கள் ஒலிப்பதிவு செய்துவைத்திருக்கிறார்கள்.

அகரமுதலி எழுதியது:

மிக்க நன்றி. அந்த ஒலிப்பதிவுகளைத் தேடிப் பார்க்கிறேன்.